வட்டி எவ்வளவு என்று கேட்டால் 13 விடை சொல்லும் ஆப்! எதை நம்புவது?

'ஒரு லட்சம் ரூபாய் பர்சனல் லோன். 12 மாதம். வட்டி 12 சதவீதம்தான். மாதத் தவணை ரூ.9,333 மட்டுமே!' - இப்படி ஒரு மெசேஜ் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். தவணையைக் கணக்கிட்ட விதம் எளிது. ஒரு லட்சத்துக்கு வருட வட்டி 12,000. அசலோடு சேர்த்தால் 1,12,000. அதைப் 12-ஆல் வகுத்தால் 9,333 ரூபாய் 33 பைசா. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயம்தான் இடிக்கிறது. அந்த ஒரு லட்சம் முழுசாக நம் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். இரண்டாம் மாதத்திலிருந்து அசல் கரைந்துகொண்டே வருகிறது. கடைசி மாதத்தில் கையில் இருப்பது பத்தாயிரத்துக்கும் கீழே. ஆனால், வட்டி மட்டும் 12 மாதமும் முழு லட்சத்துக்குப் போடப்பட்டிருக்கிறது. இதைத்தான் 'பிளாட் ரேட்' என்கிறார்கள். அப்படியானால் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால், நாம் உண்மையில் கட்டுவது எத்தனை சதவீதம்?

இதற்கு ஒரு சமன்பாடு இருக்கிறது. மாத வட்டி விகிதத்தை 'வ' என்று வைத்துக்கொள்வோம்.

1,00,000 × வ × (1 + வ)^12 = 9,333.33 × ((1 + வ)^12 − 1)

இதில் 'வ' எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். கையால் போட்டால் அரை நாள் ஆகும். இந்த மாதிரி வேலைக்கென்றே இயற்கணித மென்பொருள்கள் இருக்கின்றன. ஜியோஜீப்ரா, மேக்ஸிமா, சிம்பை என்று இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. மேத்தமேட்டிகா மாதிரி காசு கொடுத்து வாங்குபவையும் உண்டு. பிளஸ் டூ, இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் போனில் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். சமன்பாட்டை உள்ளே போட்டு 'எல்லா விடையும் கொடு' என்று கேட்டால், 13 விடைகள் வந்து விழும்.

ஆமாம், 13. அதில் ஒன்று 0. ஒன்று மைனஸ் 178 சதவீதத்தை ஒட்டி வரும். பத்து விடைகளில் 'ஐ' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மிச்சம் ஒன்று 0.01788.

இந்த இடத்தில்தான் பலர் 'ஆப் சொதப்புது' என்று மூடிவிடுகிறார்கள். உண்மையில் ஆப் எதுவும் சொதப்பவில்லை. 'இந்தச் சமன்பாட்டைப் பூர்த்தி செய்யும் எண்கள் எவை?' என்று கேட்டோம். அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. 'வட்டி எவ்வளவு?' என்று நாம் கேட்கவே இல்லை. வட்டி, கடன், தவணை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 0 எங்கிருந்து வந்தது? வகுத்தல் இல்லாமல் எழுதுவதற்காகச் சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் பெருக்கி மாற்றியிருக்கிறோம். அப்படிப் பெருக்கும்போது ஒரு போலி விடை உள்ளே புகுந்துவிட்டது. 'வ' இருக்கும் இடத்தில் 0 போட்டால் இடப் பக்கமும் 0, வலப் பக்கமும் 0. கணக்குப்படி சரி. ஆனால் வட்டியே இல்லாத கடனுக்கு 12,000 கூடுதலாகக் கட்டுவோமா? மைனஸ் 178 சதவீதமும் அப்படித்தான், கணக்குக்குப் பொருந்தும், கடனுக்குப் பொருந்தாது. 'ஐ' ஒட்டிய பத்தும் கலப்பெண்கள். பிளஸ் டூ பாடத்தில் வருபவைதான். கடன் கணக்கில் அவற்றுக்கு வேலை இல்லை.

மிச்சம் இருக்கும் 0.01788-தான் நாம் தேடியது. அதாவது மாதம் சுமார் 1.788 சதவீதம். 12-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 21.46 சதவீதம். மெசேஜில் வந்த '12 சதவீதம்தான்' இதுதான்!

கேள்வியையே திருப்பித் தந்தால்?

சில மென்பொருள்களில் இன்னொரு கூத்து நடக்கும். மேக்ஸிமாவில் 'சால்வ்' என்ற கட்டளையில் இந்தச் சமன்பாட்டைப் போட்டால், வ = 0 என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, மிச்சத்தை ஒரு நீளமான சமன்பாடாக அப்படியே திருப்பித் தந்துவிடும். கேள்வி கேட்டவரிடமே கேள்வியைத் தள்ளிவிடுகிற ஆபீஸ் கவுன்ட்டர் மாதிரி.

இதற்கும் காரணம் இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டுக்கு விடை காணும் சூத்திரம் பத்தாம் வகுப்பிலேயே வருகிறது. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும்கூடச் சூத்திரம் உண்டு. ஐந்தாம் படியிலிருந்து, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றை மட்டும் வைத்து எல்லாச் சமன்பாட்டுக்கும் பொருந்துகிற சூத்திரம் இருக்கவே முடியாது. நார்வேயைச் சேர்ந்த ஏபெல் 1824-இல் இதை நிரூபித்துவிட்டார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். நம் கடன் சமன்பாடோ 13-ஆம் படி. 'சால்வ்' என்பது துல்லியமான சூத்திர விடை தேடும் கட்டளை. அப்படி ஒரு விடையை எழுத வழி இல்லாதபோது கையை விரிக்கிறது. இதை எரர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் இத்தகைய மென்பொருள்களில் இரண்டாவதாக ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். ஜியோஜீப்ராவிலும் மேத்தமேட்டிகாவிலும் சிம்பையிலும் அது 'என்சால்வ்'. முன்னால் இருக்கும் அந்த 'என்' என்பதற்கு 'எண்ணால் தேடு, தோராயமாகச் சொல்' என்று அர்த்தம். மேக்ஸிமாவில் 'ஃபைண்ட் ரூட்', 'ஆல் ரூட்ஸ்' என்று வேறு பெயர்கள். என் அனுபவத்தில், 'ஆப் தப்பாச் சொல்லுது' என்று வரும் புகார்களில் பாதி, எந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்காததால் வருபவைதான்.

தொடக்கம் எங்கே என்பதில்தான் விஷயம்

தோராய விடையை மென்பொருள் எப்படித் தேடுகிறது? பெரும்பாலும் நியூட்டன் முறையில். ஒரு உத்தேச எண்ணில் தொடங்கும். சமன்பாட்டின் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு, அது எந்தத் திசையில் குறைகிறது என்று பார்த்து, அந்தத் திசையில் ஒரு அடி வைக்கும். மறுபடி பார்க்கும், மறுபடி அடி வைக்கும். வித்தியாசம் கிட்டத்தட்ட 0 ஆனதும் நின்றுவிடும்.

இதில் சிக்கல், எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து எங்கே போய் நிற்கும் என்பது மாறும். நம் கடன் கணக்கிலேயே பாருங்கள். மாத வட்டி 10 சதவீதம் என்ற உத்தேசத்தில் தொடங்கினால், படிப்படியாக இறங்கி 1.788-இல் வந்து நிற்கும். 0.5 சதவீதத்தில் தொடங்கினால், அந்தப் போலி விடை 0-இல் போய் உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு 0.923 சதவீதத்தில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் மேலே, 1 சதவீதத்தில் தொடங்கினால் இன்னும் வேடிக்கை. முதல் அடியிலேயே தாவி 6 சதவீதத்தைத் தாண்டிப் போய், பிறகு மெதுவாகத் திரும்பி வரும். விளம்பரத்தில் சொன்ன வருடம் 12 சதவீதத்தை 12-ஆல் வகுத்தால் வருவது இந்த 1 சதவீதம்தான் என்பதால், பலரும் இயல்பாக இங்கேதான் தொடங்குவார்கள்.

எக்ஸெலில் 'ரேட்' என்று ஒரு ஃபார்முலா உண்டு. உள்ளே நடப்பது இதே தேடல்தான். நீங்கள் உத்தேசம் எதுவும் கொடுக்காவிட்டால் 10 சதவீதம் என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். 20 அடிகளுக்குள் விடை நிலைபெறாவிட்டால் '#நம்!' என்று எரர் காட்டும். அந்த எரர் வந்தால் உத்தேச எண்ணை மாற்றிப் பாருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்கச் சொல்வேன். கடன் தொகையையும் தவணையையும் இரண்டையுமே பிளஸ்ஸில் போட்டிருக்கிறீர்களா? ஒன்று கைக்கு வரும் பணம், இன்னொன்று கையை விட்டுப் போகும் பணம். ஒன்றுக்குக் கட்டாயம் மைனஸ் குறி வேண்டும். இரண்டும் பிளஸ் என்றால், கடனும் வாங்கி மாதாமாதம் தவணையும் வாங்குகிற அதிசய மனிதர் நீங்கள். அதற்கு வட்டி விகிதம் இல்லை.

தாவிக் குதிக்கும் நியூட்டன் முறை பயமாக இருந்தால், கொஞ்சம் மெதுவான, ஆனால் தவறவிடாத வழி ஒன்று உண்டு. சாதாரண கால்குலேட்டரிலேயே செய்யலாம். இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்தைக் கழித்துப் பாருங்கள். 1 சதவீதம் போட்டால் மைனஸ் 57 வரும். 3 சதவீதம் போட்டால் பிளஸ் 300-ஐ ஒட்டி வரும். மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்குப் போகிறது என்றால் நடுவில் எங்கோ 0 இருந்தாக வேண்டும். நடு எண் 2 போடுங்கள், பிளஸ் 33. சரி, விடை 1-க்கும் 2-க்கும் நடுவில். 1.5 போடுங்கள், மைனஸ் 32. 1.75 போடுங்கள், மைனஸ் 5. விடை 1.75-க்கும் 2-க்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. இப்படியே பாதி பாதியாக நெருக்கிக்கொண்டு போனால் 1.788 கிடைத்துவிடும்.

மேக்ஸிமாவின் 'ஃபைண்ட் ரூட்' கேட்பதும் இந்த இரண்டு எல்லைகளைத்தான். 2-ஐயும் 3-ஐயும் கொடுத்தால், இரண்டு பக்கமும் ஒரே குறி என்று சொல்லி மறுத்துவிடும். நல்லதுதான். தப்பான விடையைச் சொல்வதைவிட மறுப்பது மேல்.

0.1 என்று கொடுத்தால் 0.1 போய்ச் சேருமா?

இதுவரை வந்த சிக்கல்கள் நாம் கேட்ட விதத்தில் இருந்தவை. இனி வருவது கணினியின் உடம்பிலேயே இருப்பது. போன் கால்குலேட்டரில் தெரியாது; ஆனால் பைத்தான் போன்ற மொழியில் 0.1 + 0.2 என்று தட்டினால் 0.30000000000000004 என்று வரும். முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.

இதைப் புரிந்துகொள்ள நம் பழைய வாய்ப்பாடு உதவும். தாத்தா, பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால் கேளுங்கள். அரை, அதில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், அதில் பாதி வீசம், அதில் பாதி அரைவீசம். இப்படிப் பாதி பாதியாகப் போவது ஒரு குடும்பம். மா என்பது இருபதில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று, நாலுமா ஐந்தில் ஒன்று. இது வேறு குடும்பம். நம் முன்னோர்கள் இரண்டு குடும்பத்தையும் வைத்திருந்தார்கள். கணினியிடம் முதல் குடும்பம் மட்டும்தான் இருக்கிறது. ஏனென்றால் அது எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகத்தான் எண்ணுகிறது.

எனவே இருமாவை, அதாவது 0.1-ஐ, அது வீசத்தாலும் அரைவீசத்தாலும் கட்ட வேண்டியிருக்கிறது. வீசமும் அரைவீசமும் சேர்ந்தால் 0.09375. கொஞ்சம் குறைகிறது. 256-இல் ஒன்று சேர்க்க வேண்டும், பிறகு 512-இல் ஒன்று. இன்னும் குறைகிறது. இது முடியவே முடியாது. ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் 33.3333 என்று போய்க்கொண்டே இருப்பது போலத்தான். கணினி சுமார் 16 இலக்கத்தோடு வெட்டிவிடும். அதன் நினைவில் உள்ள 0.1, உண்மையில் 0.1000000000000000055 என்று போகிற ஒரு எண்.

'16-ஆவது இலக்கத்துக்குப் பிறகு எப்படி இருந்தால் என்ன?' என்று கேட்கலாம். நம் லோன் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. தவணையை 9,333.33 என்று போட்டபோதே ஒரு பைசாவில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டோம், விடை மாறவில்லை. ஆனால் 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இதே 0.1 உயிர்களை எடுத்தது. வரும் ஏவுகணையை மறித்து அடிக்கும் அமெரிக்காவின் பேட்ரியாட் அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது 24 இருமை இலக்கங்கள் மட்டுமே. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நொடியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிழை. ஆனால் கருவி அணைக்கப்படாமல் சுமார் 100 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 36 லட்சம் முறை எண்ணியதில் பிழை 0.34 நொடியாக வளர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பேட்ரியாட் தப்பான இடத்தில் தேடியது. ராணுவக் குடியிருப்பில் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

இயற்கணித மென்பொருளின் பெரிய பலமே, இந்தத் தொல்லையைத் தவிர்க்க அதனால் முடியும் என்பதுதான். 0.1 என்று கொடுக்காமல் 1/10 என்று கொடுங்கள். அதைப் பின்னமாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போடும், ஒரு துளியும் சிந்தாது. தவணையை 9,333.33 என்பதற்குப் பதில் 28000/3 என்று கொடுக்கலாம். மேக்ஸிமா இதில் ஒரு படி மேலே போய், நீங்கள் 0.1 என்று கொடுத்தாலும் 'சால்வ்' செய்யும்போது அதுவே 1/10 ஆக மாற்றிக்கொண்டு, 'மாற்றினேன்' என்று ஒரு வரி சொல்லும். அந்த வரியைப் பார்த்து எரர் என்று பயந்துவிட வேண்டாம். சிம்பையில் மட்டும் கொஞ்சம் கவனம். அது பைத்தானுக்குள் இருக்கிறது. அங்கே 1/10 என்று எழுதினால் சிம்பையின் கைக்குப் போவதற்கு முன்பே பைத்தான் அதை வகுத்து 0.1 ஆக்கிவிடும். 'ரேஷனல்' என்று சொல்லிக் கொடுத்தால்தான் பின்னமாகப் போகும்.

பத்தாம் வகுப்புச் சூத்திரமும் ஏமாற்றும்

சின்னப் பிழை பெரிதாவதற்கு 100 மணி நேரம் ஓட வேண்டியதில்லை. ஒரே ஒரு கழித்தல் போதும். எக்ஸின் வர்க்கத்திலிருந்து 10 கோடி எக்ஸைக் கழித்து 1 கூட்டினால் 0 என்று ஒரு இருபடிச் சமன்பாடு. விடைகள் இரண்டு. ஒன்று ஏறக்குறைய 10 கோடி. இன்னொன்று ஏறக்குறைய 10 கோடியில் ஒரு பங்கு, அதாவது 0.00000001. இதை வழக்கமான சூத்திரத்தில் 16 இலக்கத்தோடு போட்டால், சின்ன விடை 0.00000000745 என்று வருகிறது. கால் பங்கு காணாமல் போய்விட்டது!

காரணம், சூத்திரத்தில் இரண்டு மிகப் பெரிய, கிட்டத்தட்ட சமமான எண்களைக் கழிக்கிறோம். லாரியோடு எடை போட்டு, டிரைவர் இறங்கிய பிறகு மறுபடி எடை போட்டு, கழித்து டிரைவரின் எடையைக் கண்டுபிடிப்பது போல. லாரி எடை மேடையில் சில கிலோ முன்பின் இருந்தால் லாரிக்கு அது பெரிதில்லை, டிரைவருக்குப் பெரிது. மென்பொருள் வர்க்கமூலக் குறியோடு துல்லியமான விடையையே கொடுத்திருந்தாலும், அதைத் தசமமாக மாற்றும் பொத்தானை அழுத்தும்போது சிலவற்றில் இந்தப் பிழை நுழைந்துவிடும்.

தப்பிக்கும் வழியும் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. இரண்டு மூலங்களின் பெருக்கற்பலன் இங்கே 1. பெரிய விடை சரியாகத்தான் வந்திருக்கிறது. 1-ஐ அதனால் வகுத்தால் சின்ன விடை சுத்தமாக வந்துவிடும். 'மூலங்களின் கூடுதல், பெருக்கற்பலன் எல்லாம் எதுக்கு?' என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்.

இன்னொன்று, அடிக்கடி குழப்புவது. எக்ஸின் கனத்திலிருந்து 3 எக்ஸைக் கழித்து 1 கூட்டினால் 0. இதற்கு மூன்று மெய்யான விடைகள்: 1.532, 0.347, மைனஸ் 1.879. சில மென்பொருள்களில் தசமமாகக் கேட்டால், 0.347-க்குப் பின்னால் 'ஐ' போட்ட ஒரு வால் தொங்கும். அந்த வாலின் அளவு 0.000...-க்குப் பிறகு இருபதாவது இடத்தில் ஏதோ ஒரு எண். கனச் சமன்பாட்டின் சூத்திரம், விடை மெய்யாகவே இருந்தாலும் கலப்பெண் வழியாகத்தான் போய்த் திரும்பும். போன பாதையின் தூசி அது. தட்டிவிடலாம். மேத்தமேட்டிகாவில் அதற்கென்றே 'சாப்' என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் வால் 0.3 அளவுக்குப் பெரிதாக இருந்தால் அது தூசி இல்லை, நிஜமான கலப்பெண். அதைத் தட்டிவிட்டால் பிழை உங்களுடையது.

சைன் 30 போட்டு 0.5 வராமல் மைனஸ் 0.988 வருகிறதா? மென்பொருள் ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள். இதைத் தனியாக விளக்க ஒன்றுமில்லை.

விடையைப் போட்டுப் பார்த்தாலும் போதாத இடம்

விடை சரியா என்று பார்க்க, அதைச் சமன்பாட்டிலேயே திருப்பிப் போட்டுப் பார் என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். நூற்றில் தொண்ணூறு இடத்தில் அது போதும். போதாத இடத்தைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வில்கின்சன். ஆலன் டூரிங்கோடு வேலை பார்த்தவர், 1970-இல் டூரிங் பெயரிலான விருதையே வாங்கியவர்.

அவர் எடுத்துக்கொண்ட சமன்பாட்டின் விடைகள் 1, 2, 3 என்று 20 வரை. இதைவிடச் சாதுவான விடைகள் இருக்க முடியுமா? ஆனால் அதைப் பெருக்கி விரித்து எழுதினால் 20-ஆம் படிக் கோவை வரும். கடைசி எண் 2432902008176640000. அதில் 19-ஆம் அடுக்கின் கெழு மைனஸ் 210. அந்த 210-ஐ மட்டும் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு அசைத்தார். 20 என்ற விடை 20.85-க்கு நகர்ந்தது. 10-இலிருந்து 19 வரை இருந்த பத்து விடைகளும் ஜோடி ஜோடியாகக் கலப்பெண்களாக மாறிவிட்டன. தன் தொழில் வாழ்க்கையிலேயே தன்னை உலுக்கிய அனுபவம் அது என்று பின்னாளில் எழுதினார்.

இந்த மாதிரிச் சமன்பாட்டில் சரியான விடையையே போட்டுப் பார்த்தாலும், சாதாரண 16 இலக்கக் கணக்கில் 0 வராமல் பெரிய எண் ஒன்று வரக்கூடும். விடை தப்பு என்று நினைத்துவிடுவோம். இங்கே உதவுவது இலக்கங்களை உயர்த்துவது. மேக்ஸிமாவில் 'எஃப்பிப்ரெக்' என்ற அமைப்பு வழக்கமாக 16-இல் இருக்கும். அதை 50 ஆக்கி 'பிஃப்ளோட்' மூலம் மறுபடி கணக்கிடலாம். சிம்பையிலும் மேத்தமேட்டிகாவிலும் இதற்கு வழி உண்டு. 16 இலக்கத்தில் வந்த விடையும் 50 இலக்கத்தில் வந்த விடையும் முதல் பத்து இடங்களில் ஒத்துப்போனால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் முதல் விடையைக் குப்பையில் போடுங்கள்.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் சீக்ஃபிரீட் ரம்ப் 1988-இல் ஒரு கோவையை வெளியிட்டார். அன்றைய ஐபிஎம் பெருங்கணினியில் மூன்று வெவ்வேறு துல்லியத்தில் போட்டாலும் 1.1726 என்று ஒரே மாதிரி விடை வந்தது. உண்மையான விடை மைனஸ் 0.8274. குறிகூடத் தப்பு! இது வேண்டுமென்றே செதுக்கிய உதாரணம், தினசரி வாழ்க்கையில் எதிர்ப்படாது. அதனால்தான் இலக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தாமல் தாராளமாக உயர்த்தச் சொல்கிறேன். இன்னொன்று, 0.1 என்று தசமமாக உள்ளே போனதற்குப் பிறகு இலக்கத்தை 50 ஆக்கிப் பயனில்லை. அந்த 0.1000000000000000055 என்ற தப்பை 50 இலக்கத் துல்லியத்தோடு வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பின்னமாக முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

சரி, லோனுக்கு வருவோம்

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் தனிநபர், வீடு போன்ற சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும், கையெழுத்து வாங்குவதற்கு முன் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர சதவீத விகிதம் அதில் இருக்க வேண்டும். பிளாட் ரேட்டைப் பெரிய எழுத்தில் காட்டும் மெசேஜை விட்டுவிட்டு அந்த எண்ணைக் கேளுங்கள். நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், இலக்கப் பிழை, நியூட்டன் முறை என்றெல்லாம் யோசிப்பதற்கு முன் ஒரு எண்ணைப் பாருங்கள். 'பிராசஸிங் ஃபீஸ்' 2 சதவீதம் என்று கடனிலேயே பிடித்துக்கொண்டால், உங்கள் கணக்கில் ஏறுவது 98,000தான். தவணை அதே 9,333.33. சமன்பாட்டின் இடப் பக்கத்தில் 1,00,000 இருக்கும் இடத்தில் 98,000 போட்டு, 10 சதவீத உத்தேசத்தில் தொடங்கி மறுபடி ஓடவிடுங்கள். மாதம் 2.117 சதவீதம் வரும். வருடத்துக்கு 25.4.